பேஸ்பால் கருவிகளின் வரலாற்றைத் தகரப் பலகையில் வடிப்பது எப்படி?

பேஸ்பால் மட்டை, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றின் வரலாற்றைப் போற்றும் பழைய பாணி உலோகப் பலகையை வீட்டிலேயே செய்ய விரும்புவோர், வண்ணம் வாங்குவதற்கு முன்பே படத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். துருவும் கீறலும் பலகைக்குப் பழமையின் தோற்றத்தை மட்டுமே தரும். அதை உண்மையான வரலாறாக்குவது, படத்தில் உள்ள கருவியும் எழுத்தும் ஆண்டும் ஒன்றோடொன்று முரண்படாமல் இருப்பதுதான். என் அனுபவத்தில் முழு வேலையில் பாதி நேரம் இதற்கே செல்கிறது, அவ்வாறு செல்வதே நல்லது.

தொடக்கத்திற்கு மிகவும் ஏற்றவை அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்களில் உள்ள கோட்டோவியங்கள். ஹார்வர்டு அணியைச் சேர்ந்த பிரெடெரிக் தேயர் உருவாக்கிய, மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கான முகக்கவசத்திற்கு, 1878 பிப்ரவரி 12 அன்று 200,358 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. கம்பிகளும் மெத்தைப் பட்டைகளும் தெளிவாகத் தெரியும் அந்த ஓவியம் தகரத்தில் அழகாகப் பதியும். கையுறையை விரும்புவோர் பந்துவீச்சாளர் பில் டோக்கின் 1922 காப்புரிமையைத் தேடலாம். அவருக்கு முந்தைய கையுறைகள் உள்ளங்கையைக் காக்கும் மெத்தையாகவே இருந்தன. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அவர் சேர்த்த தோல்வார் வலை, கையுறையைப் பந்து பிடிக்கும் பையாக மாற்றியது. ஆகவே அந்த வலைப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டினால், பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு பலகையில் ஒரே கருவி போதும்.

அடுத்து, காலப்பிழைகளைக் களைய வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இவ்விளையாட்டின் பெயர் ஆங்கிலத்தில் ‘பேஸ் பால்’ என இரு சொற்களாகவே பெரும்பாலும் எழுதப்பட்டதால், 1878-ஐச் சொல்லும் பலகையிலும் அவ்வாறே இடைவெளி விட்டு எழுதுவது பொருந்தும். அந்தப் பலகையின் மூலையில் ஐங்கோண ஹோம் பிளேட்டை (மட்டையாளர் அருகில் நின்று ஆடும் தரைப்பலகை) அலங்காரமாக வைத்தால் அது பிழையாகிவிடும். சதுரமாக இருந்த பிளேட் 1900-இல்தான் ஐங்கோணமானது. பந்தை வரைவோர் தையலைக் கவனிக்க வேண்டும்: இன்றைய பந்தில் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல்கள் உள்ளன, ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில், அமெரிக்காவின் இரு முதன்மைத் தொடர்களில் நேஷனல் லீக் பந்தில் சிவப்புடன் கறுப்பும், அமெரிக்கன் லீக் பந்தில் சிவப்புடன் நீலமும் கலந்திருந்தன. இந்த ஒரு நிற வேறுபாடு, விவரம் அறிந்தவரைப் பலகையின் முன் நிறுத்திவிடும்.

காப்புரிமை ஓவியங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமைத் தடை இல்லை. லூயிவில் ஸ்லக்கர், ராலிங்ஸ் போன்ற பேஸ்பால் கருவித் தயாரிப்புப் பெயர்களும் அணிகளின் சின்னங்களும் இன்றும் வணிகச் சின்னங்களாக இருப்பதால், விற்பனைக்குச் செய்வோர் உரிய அனுமதியின்றி அவற்றைச் சேர்க்கக் கூடாது.

உலோகத்திற்கு வருவோம். உண்மையான எனாமல் பலகை, கண்ணாடித் துகளை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் எஃகின் மேல் உருக்கிப் படியவைத்துச் செய்யப்படுவது. அது வீட்டில் இயலாது. துத்தநாகப் பூச்சில்லாத, அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடே நம் தேவைக்கு ஏற்றது, ஏனெனில் துத்தநாகம் பூசிய தகட்டில் பழுப்புத் துரு எளிதில் பிடிக்காது. விளிம்புகளை அரத்தால் மழுக்கி, நான்கு மூலைகளிலும் துளையிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, உப்புத்தாளால் தேய்த்த பிறகு, ப்ரைமரும் (வண்ணம் ஒட்டிக்கொள்ள உதவும் அடிப்பூச்சு) அதன் மேல் இரண்டு மெல்லிய பூச்சுகளாக வெளிர் மஞ்சள் வண்ணமும் அடித்து ஒரு நாள் காயவிட வேண்டும். சாதாரண அச்சுப்பொறி வெள்ளை மையை அச்சிடாது என்பதால், இந்த அடிவண்ணமே ஓவியத்தின் பின்புலமாக அமையும்.

ஓவியத்தை லேசர் அச்சுப்பொறியில் தண்ணீரில் நனைக்கும் டெக்கால் தாளில் (நனைத்ததும் படம் மெல்லிய படலமாகப் பிரிந்து நழுவும் தாள்) அச்சிட்டு, ஒரு நிமிடம் வரை நனைத்து, ஈரமான தகட்டின் மேல் நழுவவிட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ரப்பர் பட்டையால் நீரையும் காற்றுக் குமிழிகளையும் வெளியேற்றுங்கள். இங்க்ஜெட்டில் அச்சிட்டிருந்தால், நனைப்பதற்கு முன் நிறமற்ற அக்ரிலிக் தெளிப்பு அவசியம். இல்லாவிட்டால் மை கரைந்துவிடும்.

படம் நன்கு காய்ந்த பின்பே பழமையேற்ற வேண்டும். வெளியில் தொங்கிய பலகை ஆணித்துளைகளைச் சுற்றியும், நீர் தேங்கும் கீழ் விளிம்பிலும்தான் முதலில் துருப்பிடிக்கும். அந்த இடங்களில் மட்டும் எஃகு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, வினிகரில் கரைத்த உப்பை மெல்லிய தூரிகையால் தடவி, நிறம் வந்ததும் கழுவித் துடைத்துவிடலாம். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. வினிகருடன் ப்ளீச் (வெளுப்பான்) கலந்தால் நச்சு வாயு உண்டாகும் என்பதால் ப்ளீச்சை அருகிலும் வைக்காதீர்கள். ஓவியத்தின் நடுவே கீறல் போடுவதை நான் ஏற்பதில்லை, தேயரின் கம்பிக்கூடு முழுமையாகத் தெரியத்தானே இத்தனை உழைப்பு.

இறுதியாக, பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சை இரு பக்கமும் துளைகளின் உள்விளிம்பிலும் தெளித்துத் துருவை அங்கேயே நிறுத்துங்கள். பின்புறத்தில் காப்புரிமை எண்ணையும் நீங்கள் செய்த ஆண்டையும் அழியாத மையால் எழுதிவிட்டால், பிற்காலத்தில் கைமாறும்போது யாரும் அதை 1878-இன் பலகை என்று நம்பி ஏமாறமாட்டார்கள்.