உயர ஆட்களுக்கு ஏற்ற ஆட்டம்

மன்னார்குடிப் பக்கம், வயலுக்கு முறைத் தண்ணீர் வரக் காத்திருக்கும் ராத்திரிகளில் கைபேசி விளையாட்டு ஒன்றில் கூடைப்பந்து அணி நடத்துகிறேன். தொடர்ந்து 6 தோல்வி. எனக்குப் பிடித்த வேகத் தாக்குதலையே வைத்திருந்தேன். அணியிலோ உயரமான, மெதுவான ஆட்கள். மூன்றாம் கால் பகுதியிலேயே களைத்துவிடுவார்கள்.

சரி என்று, ஒவ்வொரு முறையும் கூடையை நோக்கி எறியக் கிடைக்கும் 24 விநாடியையும் பயன்படுத்தி, கூடைக்கு அடியில் நிற்பவருக்குப் பந்து கொடுக்கும் நிதான ஆட்டத்துக்கு மாறினேன்.

தற்காப்புதான் அதிகம் யோசிக்க வைத்தது. முன்னால் இருவர், கூடைப் பக்கம் மூவர் என்று ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் 2-3 மண்டல முறை கூடையடியை நன்றாகக் காக்கும், ஆனால் மூலைகள் திறந்து கிடக்கும். மூன்று புள்ளிக்கான 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து குறி தப்பாமல் எறிபவர்கள் எதிரே இருந்தால் அது ஆகாது. அதனால் எதிரணியின் கடைசி ஐந்து ஆட்டங்களில் மூன்று புள்ளி முயற்சிகளை எண்ணிவிடுவேன். அதிகமென்றால் ஆளுக்கு ஆள் காவல்தான். அப்புறம் ஆடிய எட்டில் ஐந்து வெற்றி.