பழைய ஃபிளாட் குளியலறையைப் புதுப்பிக்க: உடைப்பதிலிருந்து கடைசி சிலிக்கான் வரை

சுவரில் தொங்கும் கிளாசெட் (டாய்லெட் கோப்பை), கன்சீல்டு டைவர்ட்டர் (வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும், சுவருக்குள் மறையும் வால்வு), 2×4 அடி டைல்ஸ், கறுப்பு மேட் குழாய்கள், படியே இல்லாத ஷவர் பகுதி, நடுவில் கண்ணாடித் தடுப்பு. இன்றைக்கு ஷோரூம் போகிற எல்லாரும் கையில் இந்தப் பட்டியலோடுதான் போகிறார்கள். 15, 20 வருடப் பழைய ஃபிளாட்டில், 5×8 அடிக் குளியலறையில் இவற்றில் எது பொருந்தும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: தரைக்கு அடியில் எவ்வளவு பள்ளம் இருக்கிறது, கழிவுக் குழாய் இறங்கும் ஷாஃப்ட் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, தொட்டியிலிருந்து என்ன அழுத்தத்தில் தண்ணீர் வருகிறது. இவற்றைப் பார்க்காமல் டைல்ஸ் நிறத்தில் ஆரம்பித்தால் செலவு இரண்டு மடங்காகும்.

உடைப்பதற்கு முன்

கீழ் வீட்டுக் குளியலறையின் மேல்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் கழிவுக் குழாய்கள் அங்கே தொங்கினால் உங்களுடைய ஸ்லாப் பள்ளம் இல்லாதது. குழாயே தெரியாமல், ஸ்லாப் மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தால் அது சங்கன் ஸ்லாப். உள்ளே 8 முதல் 12 அங்குலம் வரை செங்கல் சக்கை நிரப்பி, அதற்குள் குழாய் ஓட்டியிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் இருந்தால் டிராப்பை (நாற்றம் மேலே வராமல் உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும் தரை வடிகால்) நகர்த்தலாம், லீனியர் டிரெயின் என்கிற நீளமான பட்டை வடிகால் வைக்கலாம். இல்லையென்றால் தரையை உயர்த்தாமல் அது முடியாது. உயர்த்தினால் வாசற்படியில் தடுக்கும், தண்ணீர் படுக்கையறைக்கும் வரும். அங்கே பழைய டிராப் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவதுதான் உத்தமம்.

அழுத்தத்தைக் கணக்கிடுவது சுலபம். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார். தொட்டியின் அடிமட்டம் ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார். 8 அங்குல ரெயின் ஷவருக்கு இது போதாது. தண்ணீர் நடுவில் சொட்டும். மேல் மாடிக்காரர்கள் ரெயின் ஷவர் வாங்கும் முன், தொட்டியிலிருந்து தனி லைன் இழுத்து பிரஷர் பம்ப் வைக்க அசோசியேஷன் சம்மதிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொது லைனில் பம்ப் வைத்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும், சண்டை வரும்.

கிளாசெட், டைவர்ட்டர், டிரெயின் மூன்றையும் உடைப்பதற்கு முன்பே வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும். மாடலுக்கு மாடல் அளவு மாறும். கழிவு தரை வழியே இறங்கும் எஸ் டிராப் கிளாசெட்டில் 9 அங்குலம், 12 அங்குலம் என்று இரண்டு வகை உண்டு. அந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து ஓட்டையின் நடுப்புள்ளி வரை. பிளம்பர் வெறும் செங்கல் சுவரிலிருந்து அளந்துவிட்டால் கிளாசெட் சுவரில் இடிக்கும்.

உடைப்பு

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்பவர்கள் இப்போது அதிகம். ஹாலில் சரி. குளியலறையில் வேண்டாம். அடியில் ஊறிக்கொண்டிருக்கும் ஓதம் அப்படியே இருக்கும், தரைமட்டமும் ஏறும். சுவரில் பூச்சு வரை, தரையில் ஸ்லாப் வரை கொத்தி எடுங்கள். 5×8 அடியில் 8 அங்குலப் பள்ளம் என்றால் சுமார் 27 கன அடி சக்கை வெளியே போகும். அதற்கான மூட்டைகளும் ஏற்றிச் செல்ல வண்டியும் முன்கூட்டியே பேசி வையுங்கள். முதல் அடி விழும் முன் எல்லாக் கழிவு ஓட்டைகளையும் சாக்கால் அடைத்து, மேலே டம்மி மூடி போடச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி சாந்து ஷாஃப்ட் குழாயில் விழுந்து இறுகினால் கீழே உள்ள எல்லா வீட்டுக்கும் அடைப்பு. ஸ்லாபில் புது ஓட்டை தேவைப்பட்டால் அதிராமல் வட்டமாகத் துளைக்கும் கோர் கட்டிங் மெஷின்தான் வர வேண்டும்; பீமில் கை வைக்கவே கூடாது.

வாட்டர்புரூஃபிங்

கான்டிராக்டர்கள் நாளைக் குறைப்பது எப்போதும் இந்தக் கட்டத்தில்தான். இங்கே ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்லாபைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய பிறகு, குழாய் துளைக்கும் ஒவ்வோர் இடத்தையும் பாருங்கள். பெரும்பாலான கசிவு ஸ்லாபின் நடுவில் வருவதில்லை. குழாயைச் சுற்றியும் சுவரும் தரையும் சேரும் மூலையிலும்தான் வரும். குழாயைச் சுற்றி ஓர் அங்குலம் கொத்தி, சுருங்காத கிரவுட்டால் நிரப்ப வேண்டும். சாதாரண சிமென்ட் கலவை காய்ந்ததும் சுருங்கி, மயிரிழை இடைவெளி விடும். மூலைகளில் ஓர் அங்குலச் சரிவாக, விரலால் வழித்த மாதிரி சாந்து வைத்து 90 டிகிரிக் கோணத்தை மழுக்குங்கள். கோட்டிங் கூர்மையான மூலையில்தான் முதலில் வெடிக்கும்.

இரண்டு பாகமாக வரும் அக்ரிலிக் பாலிமர் சிமென்ட் கோட்டிங் வீட்டு வேலைக்குப் போதும். பவுடரும் திரவமும் டப்பாவில் போட்ட விகிதத்தில்தான் கலக்க வேண்டும். பிரஷ் ஓடவில்லை என்று தண்ணீர் ஊற்றுகிற ஆளை உடனே நிறுத்துங்கள். ஈரமான, தண்ணீர் தேங்காத பரப்பில் முதல் கோட் ஒரு திசையில். மூலைகளிலும் குழாய்களைச் சுற்றியும் அது ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதிக்க வேண்டும். காய்ந்ததும் இரண்டாவது கோட் குறுக்குத் திசையில். சுவரில் எல்லாப் பக்கமும் தரைமட்டத்துக்கு மேல் ஓர் அடி, ஷவர் பகுதியில் 6, 7 அடி வரை ஏற வேண்டும்.

சங்கன் ஸ்லாபில் இந்த வேலை இரண்டு முறை: ஸ்லாபின் மேல் ஒரு தடவை, சக்கை நிரப்பிக் காங்கிரீட் போட்ட பின் இன்னொரு தடவை. அடி ஸ்லாபின் தாழ்ந்த மூலையிலிருந்து ஷாஃப்ட்டுக்கு ஒரு சின்ன வடிகுழாயும் வேண்டும். எப்படியாவது உள்ளே போகிற தண்ணீர் தேங்காமல் வெளியேற அது ஒன்றுதான் வழி. பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இது இருக்காது. தேங்கிய தண்ணீர் மெல்ல மெல்லக் கீழ் வீட்டு மேல்தளத்தில் உப்புப் பூக்கும்.

பிறகு பாண்ட் டெஸ்ட். கோட்டிங் நன்றாகக் காய்ந்த பின் டிராப்பை அடைத்து, வாசலில் செங்கல் வரப்பு கட்டி, 2 அங்குலம் தண்ணீர் தேக்குங்கள். சுவரில் பென்சிலால் மட்டம் குறியுங்கள். 48 மணி நேரம். மட்டம் ஓரிரண்டு மி.மீ. இறங்குவது ஆவியாவதால், அதற்கு மேல் இறங்கினால் கசிவு. கீழ் வீட்டுக்காரரையும் அழைத்து அவர் மேல்தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு அவரோடு பேச்சு வந்தால் இது கைகொடுக்கும்.

குழாயும் டைவர்ட்டரும்

வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய், குளிர்ந்த தண்ணீர் லைனுக்கு யுபிவிசி குழாய் என்று பிரித்துப் போடுவதைவிட, சுவருக்குள் போகிற அனைத்தையும் சிபிவிசியாகவே போட்டுவிடுவது நல்லது. இரண்டுக்கும் ஒட்டும் சொல்யூஷன் வேறு. ஒன்றின் டப்பாவை மற்றதற்குப் பூசினால் ஜாயின்ட் பிடிக்காது. உள்லைன் முக்கால் அங்குலம், அவுட்லெட் அரை அங்குலம். எதிரே நின்று பார்த்தால் வெந்நீர் இடதுபக்கம்.

இனி டைவர்ட்டர் ஆழம். பித்தளை உடல் சுவருக்குள் போய்விடும், வெளியே தட்டும் பிடியும் மட்டும். உடலின் மேல் உள்ள பிளாஸ்டிக் மூடியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். முடிந்த டைல்ஸ் பரப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தாக வேண்டும். செங்கல் முகத்திலிருந்து கணக்கிடுங்கள்: பூச்சு 12 மி.மீ., அடெசிவ் 5 மி.மீ., டைல்ஸ் 9 மி.மீ., ஆக 26 மி.மீ. சுவரின் இரு முனையிலும் இந்த 26 மி.மீ. உயரத்துக்குச் சாந்துப் புள்ளி வைத்து நூல் கட்டி, அந்த நூலுக்கு டைவர்ட்டரைப் பொருத்தி, மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே சாந்து அடிக்க வேண்டும். உள்ளே அதிகம் போய்விட்டால் எக்ஸ்டென்ஷன் வாங்கிச் சமாளிக்கலாம், எல்லா மாடலுக்கும் அது கிடைக்காது. வெளியே நின்றுவிட்டால் தட்டு சுவரோடு உட்காராது. டைல்ஸை உடைப்பது தவிர வேறு வழியில்லை. 4½ அங்குலச் சுவரில் டைவர்ட்டர் பாதிக்கு மேல் தின்றுவிடும். அங்கே சுவரை ஒட்டி ஒரு மெல்லிய திண்டு கட்டி அதற்குள் வையுங்கள்.

உயரங்கள் முடிந்த தரையிலிருந்து: டைவர்ட்டர் 40 முதல் 42 அங்குலம், ஷவர் ஆர்ம் 7 அடி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கிளாசெட் பக்கச் சுவரில் கைப்பிடிக்கான இடத்தை இப்போதே குறித்து, அங்கே ஹாலோ பிளாக் இருந்தால் காங்கிரீட் நிரப்பிவிடுங்கள்.

ஜாயின்ட்டுகள் ஒரு நாள் காய்ந்த பின், எல்லா முனைக்கும் டம்மி போட்டு, கைப்பம்பால் 6 கிலோ (சுமார் 6 பார்) அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் மீட்டர் முள் நகர்கிறதா என்று பாருங்கள். பூச்சு அடிப்பதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப் நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்டமும் டைல்ஸும்

தரை வாட்டம் அடிக்கு 4 மி.மீ. வைத்தால் தண்ணீர் தானாக ஓடும், நடக்கும்போது சரிவும் தெரியாது. வாசலிலிருந்து எதிர்ச்சுவர் டிரெயின் வரை 8 அடி என்றால் மொத்தம் 32 மி.மீ. ஷவர் பகுதிக்கு அடிக்கு 5 மி.மீ. கொடுக்கலாம். வாட்டத்தை அடிக் காங்கிரீட்டிலேயே கொண்டுவர வேண்டும். டைல்ஸ் மேஸ்திரி அடெசிவைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுவர முடியாது.

பெரிய டைல்ஸ் ஆசைக்கு வாட்டம்தான் எதிரி. மூலையில் சதுர டிராப் இருந்தால் தரை பல பக்கமும் சரிய வேண்டும். 2×4 அடி டைல்ஸ் வளையாது, நடுவில் வெட்டித்தான் போட வேண்டும், அழகு போய்விடும். பெரிய டைல்ஸ் தரையில் வேண்டுமென்றால் ஒரு சுவரோரம் முழுக்க லீனியர் டிரெயின் வைத்து ஒரே திசையில் வாட்டம் கொடுங்கள். இல்லையென்றால் சுவருக்குப் பெரியது, தரைக்கு 1×1 அடி. தரைக்கு மேட் ஆன்டி ஸ்கிட், வழுக்குத் தடுப்பில் குறைந்தது ஆர்10 தரம்.

2×4 என்று சொல்கிறார்களே தவிர உண்மையளவு 600×1200 மி.மீ. எட்டடிச் சுவர் 2438 மி.மீ. இரண்டு டைல்ஸ் போட்டால் ஓரத்தில் 38 மி.மீ. பட்டை மிஞ்சும். பூச்சுக்குப் பிறகு மறுபடி அளந்து, பட்டை வருமென்றால் நடுவிலிருந்து ஆரம்பித்து இரு ஓரமும் சமமாக வெட்டச் சொல்லுங்கள். ஐந்தடிச் சுவரில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு டைல்ஸ் வெட்டுப்படும் என்பதால் வழக்கமான 10 சதவீதம் போதாது. 15 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள்.

விட்ரிஃபைடு டைல்ஸ் கிட்டத்தட்ட தண்ணீரே உறிஞ்சாது, ஆகவே சிமென்ட் பால் அதைப் பிடிக்காது. சுவரில் பாலிமர் கலந்த அடெசிவ்தான். 10 அல்லது 12 மி.மீ. பல்லுக் கரண்டியால் சுவரில் ஒரே திசையில் கோடு இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லிதாக ஒரு தடவல். ஐந்து புள்ளி வைத்து அழுத்துகிற பழைய பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். மறுநாள் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கு என்று சத்தம் வந்தால் உள்ளே காலி. அந்த டைல்ஸை எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

டைல்ஸ்களுக்கு நடுவே இடைவெளி 2 மி.மீ., அதை நிரப்ப எபாக்ஸி கிரவுட். கலந்தபின் அரைமணி, முக்கால் மணிக்குள் இறுகிவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். டைல்ஸ் மேல் படிந்ததை அன்றைக்கே ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால் பிறகு போகாத மங்கல் நிற்கும். நம் வீடுகளில் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் போகப் போவதில்லை. சிமென்ட் கிரவுட் அதில் கரைந்துவிடும், அதனால்தான் எபாக்ஸி.

தொங்கும் கிளாசெட்

இரும்பு ஃபிரேமும் டேங்கும் சுவருக்கு முன்னால் 6 அங்குலமாவது எடுத்துக்கொள்ளும். ஐந்தடி அகலத்தில் அதை முதலிலேயே கழித்துப் பாருங்கள். கழிவு, சுவர் வழியே தரையிலிருந்து சுமார் 9 அங்குல உயரத்தில் வெளியேறும் என்பதால் பின்சுவரிலேயே ஷாஃப்ட் இருந்தால்தான் வேலை சுத்தமாக முடியும். தரை ஓட்டைக்குத் திருப்பி இறக்கினால் வளைவு கூடி அடைக்கும். ஃபிரேம் கால்களைத் திடமான ஸ்லாபில் போல்ட் செய்ய வேண்டும், சக்கை நிரப்பின் மேல் அல்ல. போல்ட் இடைவெளி 180 அல்லது 230 மி.மீ.; கிளாசெட்டோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஃபிளஷ் தட்டு திறப்பு வழியேதான் பிற்காலப் பழுது பார்க்க வேண்டும், ஆகவே உதிரி பாகம் ஊரில் கிடைக்கும் பிராண்டாக எடுங்கள்.

உப்புத் தண்ணீரும் கறுப்புக் குழாயும்

போர் தண்ணீர் வீட்டில் கறுப்பு மேட் குழாய் சீக்கிரமே வெள்ளைப் புள்ளி போட்டுவிடும். தேய்த்தால் பூச்சு போகும். பளபளக் குரோம் பழைய பாணிதான், ஆனால் ஒரு துடைப்பில் சுத்தமாகும். கண்ணாடித் தடுப்புக்கும் இதே கதை. தினமும் வைப்பரால் வழிக்க ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள். 8 அல்லது 10 மி.மீ. டஃபன்டு கண்ணாடியை, டைல்ஸ் முடிந்த பிறகு அளந்து ஆர்டர் கொடுங்கள். பின்னர் வெட்ட முடியாது. பேசின் அடிக் கப்போர்டில் எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) ஊதிப்போகும், டபிள்யுபிசி (மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) அல்லது தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 பிளைவுட் போடுங்கள்.

2 கிலோவாட் கீசருக்கு 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. வயர், போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). மற்ற மின்வேலை வழக்கம்போல்.

கடைசியில் கிளாசெட் சுற்றி, பேசின் ஓரம், கண்ணாடி அடி ஆகிய இடங்களில் பூஞ்சை எதிர்ப்புச் சிலிக்கான். ஈரமில்லாமல் துடைத்துவிட்டு அடித்து, ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள். டிராப்புக்குள் தேங்கும் தண்ணீர் 50 மி.மீ. நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தினர் அறைக் குளியலறையில் வாரம் ஒரு குவளை ஊற்றாவிட்டால் அது வற்றி, நாற்றமும் கரப்பானும் மேலே வரும். மிஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டியைப் பரணில் போட்டு, பெட்டி மேலுள்ள பேட்ச் நம்பர் கிழியாமல் வையுங்கள். அடுத்த வருடம் அதே மாடல் கிடைத்தாலும் அதே நிறம் கிடைக்காது.