சிகரெட்டை விட்டவரிடம் நாம் செய்யும் தவறுகள்

"இப்படி எரிஞ்சு விழறதுக்கு நீ பேசாம சிகரெட்டே பிடிச்சிருக்கலாம்டா." தம்பி சிகரெட்டை விட்ட நாலாம் நாள், மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் வைத்து நான் சொன்னது இது. கடலை மிட்டாய் சுற்றிய காகிதத்தைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்துக்கொண்டிருந்தவன், "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். இரவு திரும்பி வந்தபோது சட்டையில் அந்த வாடை.

எவ்வளவு கோபம் வந்தாலும் விட்டவரிடம் இந்தப் பேச்சு மட்டும் வேண்டாம். அந்த எரிச்சல் நம் மேல் வந்ததல்ல. நிகோடினுக்குப் பழகிய மூளை, அது கிடைக்காமல் தவிக்கிறது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் சேர்ந்து வரும். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்தில் தணிந்துவிடும். இதை முன்கூட்டியே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தால் நான் வாயை விட்டிருக்க மாட்டேன்.

"மனசுல உறுதி இருந்தா முடியும்" என்பதும் உதவாது. உறுதி இருந்ததால்தானே விட்டார்! புற்றுநோய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும் அப்படித்தான்; பதற்றம் கூடினால் கை முதலில் தேடுவது பாக்கெட்டைத்தான்.

டீ விஷயம் பலருக்குத் தெரியாது. சிகரெட் புகை, டீயில் இருக்கும் கஃபீனை உடல் சீக்கிரம் கழித்துவிடச் செய்கிறது. புகை நின்றதும் அதே நாலு டீ உடம்பில் நெடுநேரம் தங்கி, படபடப்பையும் தூக்கக் கேட்டையும் கூட்டும். 'பாவம், ஒரு ஸ்ட்ராங் டீ குடிக்கட்டும்' என்று நான் போட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். பாதியாகக் குறைத்திருக்க வேண்டும். மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், சிகரெட்டை விட்டதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

ஒருமுறை தவறிப் பிடித்துவிட்டால் "அவ்ளோதான், போச்சு" என்று கணக்கை முடித்துவிடாதீர்கள். தம்பி மறுவாரமே சிகரெட்டை விடும் முயற்சியைத் திரும்பத் தொடங்கினான். இந்த முறை நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்து அவன் கடைக்குப் போகும் ஆறு மணிக்கு, தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கக் கூப்பிட்டேன். சிகரெட் பிடிக்கத் தூண்டும் அந்த வேகம் வந்தால் சில நிமிடம்தான் நிற்கும். வாய் பேசாமல் அலையோரம் நடப்பான், நானும் கூடவே நடப்பேன். கொஞ்ச நேரத்தில் அவனே, "சுண்டல் வாங்கலாமாக்கா?" என்பான்.

ஆனால் எல்லாத் துக்கத்தையும் 'விட்டதால வந்தது, போயிடும்' என்று ஒதுக்குவது பெரிய தவறு. இரண்டு வாரம் தாண்டியும் மனம் இருண்டே கிடந்தால், அல்லது ஒரே ஒரு முறை "இருந்து என்ன ஆகப்போகுது" என்று சொன்னாலும், உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவிலும் தமிழில் பேசலாம். புகையிலையை விட உதவும் இலவச எண் 1800-11-2356. அவர் கேட்கட்டும் என்று காத்திராமல், நீங்களே போட்டு போனை அவர் கையில் கொடுங்கள்.