தொட்டபெட்டாவுக்கு மேலே: முதல்முறை பனிமலை ஏறப் போகிறவர்களுக்கு

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். காரில் போய் இறங்கி, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, குளிருதே என்று திரும்பிவிடுவோம். உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலையில் முதல் நாள் ராத்திரி டென்ட் போடும் இடமே அதைவிட உயரம். உச்சி 3,810 மீட்டர், அதாவது 12,500 அடி.

இந்த மலைக்கு நான் இரண்டு முறை போனேன். முதல் முறை உச்சிக்கு முந்தைய முகாமிலிருந்தே திரும்பிவிட்டேன். அப்போது தினமும் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன், தொப்பைகூட இல்லை. அப்படியும் ஏன் திரும்பினேன் என்பதை நாலாவது படியில் சொல்கிறேன். மற்ற படிகளை மேலோட்டமாகப் படித்தாலும் பரவாயில்லை, அதை மட்டும் நின்று படியுங்கள்.

படி 1: மலையும் மாதமும்

முதல் மலைக்குக் கயிறு, ஐஸ் கோடரி எல்லாம் வேண்டாம். நடந்தே உச்சியைத் தொடக்கூடிய மலையாக இருக்க வேண்டும், பனியும் இருக்க வேண்டும். கேதார்காந்தாவில் இரண்டும் உண்டு. உத்தரகாசி மாவட்டத்தில் சாங்க்ரி என்ற கிராமத்திலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. டேராடூனிலிருந்து மசூரி, புரோலா, மோரி வழியாக சுமார் 200 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து நாலு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சிரித்துக்கொண்டே கடந்தவர்களும் இங்கே ஜன்னல் பக்கம் இடம் கேட்பார்கள். வாந்தி மாத்திரையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பனி டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் போனால் மலையில் தி.நகர் கூட்டம். என்னைக் கேட்டால் மார்ச். பனியும் இருக்கும், பகலும் கொஞ்சம் நீளமாக இருக்கும், ராத்திரிக் குளிரும் ஜனவரி அளவுக்கு எலும்பைத் துளைக்காது.

உள்ளூர் கைடு இல்லாமல் போக வேண்டாம். பாதை கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் போகிறது, அனுமதிச் சீட்டு வேண்டும். ட்ரெக்கிங் ஏற்பாடு செய்பவர்களே அதை வாங்கிவிடுவார்கள். ஆதார் நகலும் மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள்.

படி 2: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

வாரத்தில் நாலு நாள் ஐந்து கிலோமீட்டர். முதல் மாதம் வேக நடை போதும். மூன்றாவது மாத முடிவில் அதை நாற்பது நிமிடத்துக்குள் முடிக்க முடிந்தால் உடம்பு தயார்.

அதோடு மாடிப்படி. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு லிஃப்ட்டை மறந்தால் போதும், ஜிம் தேவையில்லை. முதுகுப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டில் தொடங்கி, வாரம் ஒரு பாட்டிலாகக் கூட்டி ஏழெட்டு கிலோவுக்குப் போங்கள். மேலே போனதும் அந்தத் தண்ணீரை மொட்டைமாடிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலோடு இறங்குங்கள். பாரத்தோடு இறங்கினால் முழங்கால் தேயும், ஏறும்போது மட்டும் பாரம் போதும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், இரண்டாவது வாரத்தில் பழகிவிடும்.

மாதம் ஒரு முறையாவது நிஜ மலை வேண்டும். திருமலைக்கு அலிபிரி வழியாக 3,550 படிகள் ஏறுவது நல்ல அளவுகோல். திருவண்ணாமலைப் பக்கம் என்றால் பருவதமலை. கோவைக்காரர்களுக்கு, பிப்ரவரியிலிருந்து மே வரை திறக்கும் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இருட்டில் டார்ச்சோடு ஏறுவது, விடியற்காலைக் குளிர், கையில் மூங்கில் தடி எல்லாமே உச்சி நாளுக்கான ஒத்திகைதான். இமயமலையில் அந்தத் தடியை ‘ட்ரெக்கிங் போல்’ (pole) என்பார்கள், அவ்வளவுதான். தமிழ்நாடு வனத்துறை 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்து முறையாகப் போகக்கூடிய பாதைகளும் இருக்கின்றன. அனுமதி இல்லாத காட்டுக்குள் பயிற்சி என்று நுழையாதீர்கள்.

படி 3: ஷூ, அப்புறம் மற்றதெல்லாம்

கையில் இருக்கும் காசில் பாதியை ஷூவில் போடுங்கள். கணுக்காலை மூடும் உயரம், தண்ணீர் புகாத மேல்பாகம், ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பாகம் வேண்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் போடப்போகும் கனமான சாக்ஸோடு காலை நுழைத்து, விரல் முன்னால் முட்டும்வரை தள்ளுங்கள். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைந்தால் சரியான அளவு. கிளம்புவதற்கு முன் குறைந்தது ஐம்பது கிலோமீட்டராவது அதைப் போட்டு நடந்துவிடுங்கள். புது ஷூவோடு மலைக்கு வருகிறவரை இரண்டாம் நாள் சாயங்காலம் அவருடைய நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

உடைக்கு ஒரே விதி: பருத்தி கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல வருமா! ஆனால் அது வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் உட்கார்ந்துகொள்ளும். நடந்து நின்ற ஐந்தாவது நிமிடம் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். பனியனையும் ஜீன்ஸையும் வீட்டில் விட்டுவிடுங்கள். உடம்பை ஒட்டி சிந்தெடிக் அல்லது கம்பளி உள்ளாடை, அதன் மேல் மெத்தென்ற சிந்தெடிக் துணியான ஃப்ளீஸ், அதன் மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய கோட். ஏறும்போது கழற்றுங்கள், நின்றால் உடனே போடுங்கள். சோம்பல்பட்டுப் போட்டதோடே நடந்தால் வியர்த்து நனைந்து மாட்டிக்கொள்வீர்கள்.

கையுறை இரண்டு ஜோடி. கறுப்புக் கண்ணாடி அழகுக்கு இல்லை. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை எரித்துவிடும், மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தி, தற்காலிகமாகப் பார்வையே மங்கும். நெற்றியில் கட்டும் டார்ச் கட்டாயம். ஷூவுக்கு அடியில் மாட்டும் சங்கிலி முள்ளான மைக்ரோ ஸ்பைக்ஸ், பனி உள்ளே புகாமல் காலில் கட்டும் கெய்ட்டர், தடி மூன்றும் சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். வாங்க வேண்டாம்.

படி 4: உயரம் என்ன செய்யும்?

மேலே ஆக்ஸிஜன் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கேதார்காந்தா உச்சியில் அது கடற்கரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 62 சதவீதம். மெரினாவில் ஒரு மூச்சில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே ஒரு மூச்சில் கிடைக்காது. உடம்பு அதற்குப் பழகும். ஆனால் தன் நேரத்தில்தான் பழகும், அவசரப்படுத்த முடியாது.

முக்கியமான விஷயம், ஓட்டப் பயிற்சி இதற்குக் கேடயம் இல்லை. நன்றாக ஓடுகிறவருக்கும் மலைநோய் வரும். சொல்லப்போனால் வேகமாக ஏற முடிவதால் அவர்தான் சீக்கிரம் மாட்டுவார். என் கதை அதுதான். இரண்டாம் நாள் குழுவில் முதல் ஆளாக முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பின்மண்டையில் லேசாக வலித்தது. டீ குடித்தால் சரியாகும் என்று நினைத்தேன். கைடு வரிசையாக எல்லோரிடமும் “தலைவலி?” என்று கேட்டு வந்தபோது இல்லை என்று தலையாட்டினேன். மறுநாள் மேல் முகாமில் ரொட்டியைப் பார்த்தாலே குமட்டியது. ராத்திரி பத்து மணிக்கு ஷூ லேஸைக் கட்ட நாலு முறை முயன்று, முடிச்சு எப்படிப் போடுவது என்றே புரியாமல் உட்கார்ந்திருந்தேன். டென்டில் கூட இருந்தவர் அதைப் பார்த்துவிட்டுப் போய்க் கைடை எழுப்பினார். அந்த இருட்டிலேயே இரண்டு பேர் என்னைக் கீழே இறக்கினார்கள். 600 மீட்டர் இறங்கியதும் பசித்தது!

ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உயரத்தில் தலைவலி வந்து, கூடவே குமட்டல், தலைச்சுற்றல், அசதியில் ஏதாவது ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியாதவரை அது மலைநோய்தான். அதோடு மேலே ஏறக் கூடாது. இருக்கும் இடத்திலேயே தங்க வேண்டும், குறையாவிட்டால் இறங்க வேண்டும். கூட வருகிறவருக்கு இப்படி என்றால், அவரை நேர்கோட்டில் குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இந்த இரண்டுக்கும் காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, அந்த நிமிடமே இறக்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரும் ஊசியும் அதற்குத் துணைதான், மாற்று இல்லை.

3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒவ்வொரு இரவும் தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது பொதுவான விதி. கேதார்காந்தாவின் வழக்கமான திட்டத்தைப் பாருங்கள்: சாங்க்ரி சுமார் 1,950 மீட்டர், ஜூடா கா தாலாப் ஏரி முகாம் சுமார் 2,770, மேல் முகாம் சுமார் 3,430. கடைசித் தாவல் 660 மீட்டர், விதியை மீறுகிறது. பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடுகிறார்கள். ஆனாலும் லீவு கிடைத்தால் ஏரி முகாமில் ஒரு நாள் கூடுதலாகக் கேளுங்கள், இல்லையென்றால் சாங்க்ரிக்காவது ஒரு நாள் முன்னதாகப் போங்கள். இரண்டாவது முறை நான் ஏரி முகாமில் இரண்டு இரவு தங்கினேன்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பு பழகுவதை வேகப்படுத்தும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டாம். அப்புறம், கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பழகிய ஆக்ஸிமீட்டரை அங்கேயும் விரலில் மாட்டுவார்கள். 90க்குக் கீழே காட்டியதும் பதற வேண்டாம், அந்த உயரத்தில் அது சாதாரணம். 95 காட்டுகிறதே என்று தலைவலியை மறைக்கவும் வேண்டாம்.

படி 5: மறுபடியும் நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சரிவில் ஒரு காலை முன்னால் வையுங்கள், ஆனால் பாரத்தை அதில் ஏற்றாதீர்கள். பின்காலின் முழங்காலை நேராக்கிப் பூட்டி, முழு எடையையும் அந்த எலும்பின் மேல் நிறுத்துங்கள். ஒரு நொடி அப்படியே நில்லுங்கள். அந்த ஒரு நொடி தொடைத் தசைக்கு ஓய்வு. அப்புறம் எடையை முன்காலுக்கு மாற்றி அடுத்த அடி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு. முதலில் கல்யாண ஊர்வலத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் உங்களைத் தாண்டிப் போனவர்கள் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்ப்பீர்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம்.

பனியில் ஏறும்போது ஷூ முனையால் உதைத்துப் படி வெட்டி, அதில் கால் வையுங்கள். முன்னால் போனவரின் தடம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், புதுப் பாதை போடும் வீரம் வேண்டாம்.

படி 6: முகாமில்

போய்ச் சேர்ந்ததும் படுக்காதீர்கள். ஈர உடையை மாற்றி, குல்லா போட்டு, சும்மா அரை மணி நேரம் மெதுவாக உலாத்துங்கள். தாகம் எடுக்காது, ஆனாலும் நாளுக்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும். சாப்பாடு ரொட்டி, பருப்பு, கிச்சடி என்று இருக்கும். தயிர் சாதத்தை நினைத்து ஏங்காதீர்கள். ஒரு சின்னப் பாட்டில் ஊறுகாய் கொண்டுபோனால் டென்டில் திடீரென்று நண்பர்கள் கூடிவிடுவார்கள்.

ராத்திரி தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்து கட்டும், எனவே காலையில் மூடிப் பக்கம் தண்ணீராகவே இருக்கும். போன், டார்ச் பேட்டரி, நாளை போடப்போகும் சாக்ஸ் எல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். ராத்திரி சிறுநீர் கழிக்க எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். எழுந்து வெளியே போங்கள், அந்த வானத்தை ஊரில் பார்க்க முடியாது.

படி 7: உச்சி நாள்

விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குக் கிளப்புவார்கள். சூரிய உதயம் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. அந்த நேரத்தில் பனி இறுகியிருக்கும், ஸ்பைக்ஸ் நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏறினால் இளகி, முழங்கால்வரை புதையும். மத்தியானத்துக்கு மேல் மேகமும் காற்றும் சேர்ந்துகொள்ளும். கொஞ்சம் குளிரக் குளிரவே கிளம்புங்கள், பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்பும் முன்பே கைடிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்துவிட்டால் உச்சி கண்ணுக்கெதிரே இருந்தாலும் திரும்ப வேண்டியதுதான்.

கடைசி ஏற்றம் செங்குத்து. மேலே போனால் கற்களைக் குவித்த சின்ன சன்னதியும் சூலமும் இருக்கின்றன. சிவன் முதலில் இந்த மலையில்தான் இருந்தார், அப்புறம்தான் கேதார்நாத் போனார் என்று சாங்க்ரிக்காரர்கள் கதை சொல்வார்கள். எதிரே சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் சிகரங்கள். கையுறையைக் கழற்றி போட்டோ எடுத்தால் உடனே மாட்டிக்கொள்ளுங்கள், அங்கே விரல் மரத்துப்போக அதிக நேரம் ஆகாது.

படி 8: இறக்கம்

ஏறியாச்சு என்று மனசு தளரும் இடத்தில்தான் கால் வழுக்கும். இறங்கும் முன் லேஸை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் பாதம் முன்னால் சறுக்கி விரல் நகம் கறுக்கும். (கால் நகத்தை ஊரிலேயே வெட்டிக்கொண்டு வாருங்கள்.) தடியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பனியில் முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலை அழுத்தி ஊன்றி இறங்குங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால்தான் விழுவீர்கள். ஈரத் துடைப்புத் தாள், சாக்லேட் உறை எல்லாம் உங்கள் பையிலேயே கீழே வரட்டும்.

சாங்க்ரி வந்து வெந்நீரில் குளித்த பிறகு ஒரு வேலை பாக்கி. எந்த உயரத்தில் தலை வலித்தது, எத்தனை மணி நேரம் இருந்தது, என்ன சாப்பிட முடிந்தது, எப்படித் தூங்கினீர்கள் என்பதை மறப்பதற்குள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து 5,000 மீட்டர் மலைக்குப் போகலாம், அல்லது உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் 28 நாள் அடிப்படைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். எங்கே போனாலும், இதற்கு முன் உயரத்தில் உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்பார்கள். அந்த நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.