நுண்ணூசி உருளையும் மினாக்ஸிடிலும்: 24 மணி நேர இடைவெளி அவசியம்

முடி உதிர்வுக்கு மினாக்ஸிடில் தடவி வருபவர்கள் தலைத்தோலில் உருட்டும், டெர்மாரோலர் எனப்படும் நுண்ணூசி உருளையையும் பயன்படுத்தினால், உருட்டிய பின் 24 மணி நேரம் கழித்தே மருந்தைத் தடவ வேண்டும். இல்லாவிட்டால், புதிய நுண்துளைகள் வழியே மருந்து அளவுக்கு மீறி உட்புகுந்து எரிச்சலையும் படபடப்பையும் உண்டாக்கக்கூடும். 2013-இல் வெளியான ஆய்வொன்றில், வாரம் ஒருமுறை 1.5 மி.மீ. ஊசிகள் கொண்ட உருளையை உருட்டி, 5% மினாக்ஸிடிலும் தடவிவந்த ஆண்களுக்கு, மருந்து மட்டும் தடவியவர்களைவிட 12 வாரங்களில் முடி கணிசமாகக் கூடியது. அதற்காக நாள்தோறும் உருட்டுவது தவறு. தோல் ஆற அவகாசம் வேண்டும். பயன்படுத்தும் முன் உருளையை 70% ஆல்கஹாலில் ஊறவைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முனை வளைந்த ஊசி தோலைக் கிழித்துவிடும் என்பதால், ஒன்று வளைந்திருந்தாலும் உருளையை மாற்றிவிடுங்கள். பிறருடன் பகிரவே கூடாது. தலையில் தொற்றோ சொரியாசிஸோ இருந்தால், தோல் மருத்துவரைக் கேட்காமல் தயவுசெய்து தொடங்க வேண்டாம்.