பன்னிரண்டு ஒன்பதுகளைப் பிரித்துப் பார்ப்போம்

கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளியை முடித்துப் படிவம் 1-க்குச் செல்லும் மாணவர்கள் 60, 84 போன்ற எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பதில் விரைவிலேயே தேறிவிடுகிறார்கள். பன்னிரண்டு இலக்க எண்ணைக் கொடுத்தால் மட்டும் கை கால்குலேட்டரைத் தேடுகிறது. பத்து இலக்கங்களே காட்டும் கருவியாக இருந்தால் அதுவும் உதவாது. எண்ணின் அளவைக் கண்டு மலைக்காமல் அதன் அமைப்பை முதலில் கவனித்தால், தாளும் பென்சிலுமே போதும். 999,999,999,999 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இது ஒரு திரில்லியனுக்கு, அதாவது ஓர் இலட்சம் கோடிக்கு, ஒன்று குறைவு.

முதல் படி: எண்ணை 10¹² − 1 என்று எழுதுங்கள். இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்பதால் இது (10⁶ − 1) × (10⁶ + 1), அதாவது 999,999 × 1,000,001 ஆகிறது.

இரண்டாம் படி: 999,999 = 999 × 1,001. இவற்றில் 999 = 3³ × 37; 1,001 = 7 × 11 × 13. இந்த 1,001-ஐ மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. வகுபடும் தன்மையைச் சோதிக்கும் பல கணக்குகளில் அது கைகொடுக்கும்.

மூன்றாம் படி: 1,000,001 சற்று முரண்டு பிடிக்கும். அதை 100³ + 1³ என்று பார்த்தால், a³ + b³ = (a + b)(a² − ab + b²) என்ற சூத்திரப்படி 101 × (10,000 − 100 + 1), அதாவது 101 × 9,901 கிடைக்கிறது. 101 பகா எண் என்பது எளிதில் தெரியும். 9,901-இன் வர்க்கமூலம் 100-க்குச் சற்றுக் குறைவு என்பதால், 100-க்குட்பட்ட 25 பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். பொறுமை தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். எதனாலும் அது மீதியின்றி வகுபடாது. கடைசியாக 97-ஆல் வகுக்கும்போது 7 மீதி வரும். ஆகவே 9,901 பகா எண்.

முழு விடை: 3³ × 7 × 11 × 13 × 37 × 101 × 9,901.

நான்காம் படி: காரணிகளின் எண்ணிக்கை. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். 3-இன் அடுக்கு 3 என்பதால் 4, மற்ற ஆறு பகா எண்களுக்கும் தலா 2; 4 × 2⁶ = 256 காரணிகள்.

ஐந்தாம் படி: காரணிகளின் கூட்டுத்தொகை. 3³-க்கு 1 + 3 + 9 + 27 = 40; மற்றவற்றுக்குப் பகா எண்ணோடு 1 கூட்டினால் போதும். 40 × 8 × 12 × 14 × 38 × 102 × 9,902 = 2,063,316,971,520. இதிலிருந்து எண்ணையே கழித்தால் எஞ்சுவது 1,063,316,971,521, எண்ணைவிடப் பெரியது. தன்னை விடுத்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னை மிஞ்சும் இத்தகைய எண்ணை மிகை எண் என்பர். 12, 18, 20, 24 எனச் சிறிய மிகை எண்கள் இரட்டைப்படையாகவே வருகின்றன. முதல் ஒற்றைப்படை மிகை எண்ணுக்கு 945 வரை காத்திருக்க வேண்டும். நம் எண்ணும் ஒற்றைப்படைதான் என்பதால், இந்த விடையை நான் மிகவும் ரசிக்கிறேன்.

ஆறாம் படி: தசமங்கள். 10¹² − 1-ஐ மீதியின்றி வகுக்கும் எந்த எண்ணின் தலைகீழியும் 12 இலக்கங்களுக்கு ஒருமுறை மீண்டும் தொடங்கும். 1/7 ஆறு இலக்கத்திலும், 1/101 நான்கு இலக்கத்திலும், 1/37 மூன்று இலக்கத்திலும் சுழலும். இவை யாவும் 12-ஐ வகுப்பவை. 1/9,901 மட்டும் 0.000100999899 என முழுப் பன்னிரண்டு இலக்கங்களையும் எடுத்துக்கொண்டு சுழல்கிறது. இதே நீளத்தில் சுழலும் பகா எண் வேறொன்றும் கிடையாது.

இனி 99,999,999-ஐ நீங்களே பிரித்துப் பாருங்கள். வழியில் 10,001 வரும். அதற்குச் சூத்திரம் உதவாது, 73-ஆல் வகுத்துப் பாருங்கள். காரணிகள் 48 கிடைக்க வேண்டும்; ஆனால் அது மிகை எண் அன்று.