“விசிட் விசாவில் போய் மாற்றலாம்” என்றால் நம்பாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில் பக்கத்து மேசைத் தம்பி கைபேசியை நீட்டினார். “அண்ணா, இது சரிவருமா?” வாட்ஸ்அப்பில் வந்த வேலை அழைப்பு. தாய்லாந்தில் கணினி வேலை, டிக்கெட் இலவசம், சுற்றுலா விசாவில் வந்தால் போதும், பிறகு மாற்றித் தருவார்களாம். நிறுவனத்தின் முகவரியைத் தேடினேன், எங்கும் இல்லை.

பலர் சறுக்குவது இங்கேதான். சுற்றுலா விசாவில் வேலை செய்தால் அங்கே அது குற்றம். ஏஜென்ட் சொன்னார் என்பது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. இப்படிப் பாங்கொக்கில் இறங்கிய நம்மவர்கள் சிலரை மே சோட் எல்லைக்குக் கொண்டுபோய், மோயி ஆற்றைக் கடத்தி, மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் அடைத்தார்கள். கடவுச்சீட்டில் தாய்லாந்தை விட்டு வெளியேறிய முத்திரை கிடையாது, மியன்மார் விசாவும் கிடையாது. ஏமாற்றப்பட்டவர்தான், ஆனாலும் இரண்டு நாட்டுச் சட்டமும் முதலில் அவரையே பிடிக்கும். தாய்லாந்தில் விசா முடிந்து தங்கினால் நாளுக்கு 500 பாத் அபராதம், 20,000 வரை போகும். 90 நாளைத் தாண்டினால் மறுபடி நுழையவும் தடை.

“தூதரகம் பார்த்துக்கொள்ளும்” என்று இருந்துவிடாதீர்கள். ஆயுதக் குழுக்களின் பிடியில் உள்ள இடத்துக்குள் அதிகாரிகள் நினைத்தவுடன் போக முடியாது.

கைச்சாத்திடுவதிலும் கவனம் வேண்டும். போர்முனை இல்லாத வேலை என்று ரஷ்யாவுக்குப் போன நம் நாட்டு முன்னாள் படையினர் உக்ரைன் போரில் சிக்கியது 2024இல் பெரிய செய்தியானது. வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

வேலைக்கென்றால், புறப்படுமுன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஏஜென்சியின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள்.

அப்புறம், இஸ்ரேலில் வேலை செய்துவிட்டு லெபனானுக்குப் போக நினைப்பவர்களும் உண்டு. இஸ்ரேலுக்குப் போன அடையாளம் இருந்தால் லெபனான் உள்ளே விடாது. இஸ்ரேல் முத்திரை இல்லாவிட்டாலும், இஸ்ரேலுடனான தரைவழி எல்லையில் எகிப்தோ ஜோர்தானோ குத்திய முத்திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கே போனாலும் கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த மோசடி முகாம்களில் முதலில் பறிப்பது கடவுச்சீட்டையும் கைபேசியையும்தான்.